கஞ்சி கொண்டுவந்த கைகள்



நமது நாட்டின் திருத்தூதரெனப் போற்றப்படும் புனித யோசப் வாஸ் அடிகளார் 1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் கண்டியில் இறையடி சேர்ந்தார். ஆண்டுதோறும் அந்நாளில் அவரை நினைவுகூருகின்றோம். மறைக்கல்வி வகுப்புச் சிறார்களிடம் அவரைப் பற்றிக் கேட்டால், பெரும்பாலும் கண்டியில் பெய்த மழையைப் பற்றியே சொல்வார்கள். 1696ஆம் ஆண்டில் கடும் வறட்சி நிலவியபோது அடிகளார் திறந்த வெளியில் பீடம் அமைத்துச் சிலுவையை நாட்டி மன்றாடினார் என்பதும், மழை கொட்டியபோது அவர் முழந்தாளிட்டிருந்த இடம் நனையவில்லை என்பதும் வழிவழியாக நாம் கேட்டுவரும் வரலாறு. மழையை நாம் மறப்பதில்லை. ஆனால் அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னர், யாழ்ப்பாண மண்ணில் அவர் குடித்த கஞ்சியைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் வசமாயிற்று. கத்தோலிக்க குருக்கள் வெளியேற்றப்பட்டனர். குருவானவர் ஒருவருக்கு அடைக்கலம் கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றமென அறிவிக்கப்பட்டது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் நம் முன்னோர் திருப்பலியின்றி, பாவசங்கீர்த்தனமின்றி, அவஸ்தைப்பூசுதலின்றி வாழ்ந்தனர். அந்நிலையிலேதான் 1687ஆம் ஆண்டில், முப்பத்தாறு வயதுடைய யோசப் வாஸ் அடிகளார், யோவான் என்னும் ஊழியர் ஒருவருடன், கூலியாளின் கோலத்தில் இக்கரை சேர்ந்தார். கோவாவிலிருந்து புறப்பட்டபோது அவருக்கு எத்தனையோ திட்டங்கள் இருந்திருக்கும். வந்து இறங்கியதும் நடந்தது என்ன? கொடிய வயிற்றுளைவு அவரைப் படுக்கையில் தள்ளியது. ஊழியரும் நோயுற்றார். தொற்றுநோயாளரென அஞ்சி ஊரவர் அவர்களை ஒதுக்கிவைத்தனர். சிதறிய மந்தையைத் தேடி வந்தவர், ஓர் ஆட்டையேனும் காணுமுன் எழுந்து நிற்கவும் வலுவின்றிக் கிடந்தார்.

அப்போது ஒரு பெண் இரங்கி நாள்தோறும் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார் என்று அடிகளாரின் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். அந்தக் கஞ்சியால் இருவரும் பிழைத்தனர். நமது நாட்டில் திருச்சபை மறுபடி துளிர்த்த கதையை நாம் மழையிலிருந்து தொடங்கினாலும், கடவுள் அதைக் கஞ்சியிலிருந்தே தொடங்கினார்.

இதை இங்கே எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. புதிய இடமொன்றில் இறைமக்கள் சமூகத்தைக் கட்டியெழுப்பச் செல்வோருக்கு வரும் மனத்தளர்வைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம், அது அவர்களுடைய சொந்தப் பிரச்சினை போலவே பேசுகின்றோம். "சுவாமிக்குச் செபம் குறைவு", "சிஸ்டருக்கு விசுவாசம் போதாது" என்று முடிவு கட்டிவிடுகின்றோம். திருவிவிலியம் அப்படி முடிவு கட்டுவதில்லை.

எலியாவைப் பாருங்கள் (1 அரசர் 19). கார்மேல் மலையில் வானத்திலிருந்து நெருப்பை வரவழைத்தவர். நாடே முகங்குப்புற விழுந்து ஆண்டவரே கடவுள் என்று அறிக்கையிட்டதைக் கண்ணால் கண்டவர். ஈசபேல் அரசியிடமிருந்து மிரட்டல் வந்ததும் உயிருக்கு அஞ்சி ஓடுகிறார். தோல்வியின் பின்னர் வந்த தளர்வல்ல இது. வெற்றியின் பின்னர் வந்தது. வெற்றிக்குப் பின்னும் நாடு மாறவில்லை, அரண்மனை மாறவில்லை என்று கண்டபோது உள்ளம் உடைந்தது. இவ்விடத்தில் நாம் எளிதில் கவனியாது விடும் ஒரு குறிப்பு உண்டு. பெயேர்செபாவுக்கு வந்ததும் அவர் தம் பணியாளனை அங்கேயே விட்டுவிட்டு, ஒரு நாள் வழி தனியே பாலைநிலத்துள் போகிறார். தளர்ந்த மனம் முதலில் செய்வது இதைத்தான்: உடனிருப்போரை விலக்கிவைக்கும். பிறகு, தான் தனித்துவிட்டதாக முறையிடும். சூரைச்செடியின் கீழ் அமர்ந்து சாவைக் கேட்ட எலியா, ஓரேபு மலையிலும் தாம் ஒருவரே எஞ்சியிருப்பதாக இருமுறை சொல்கிறார்.

கடவுள் என்ன செய்தார்? கண்டிக்கவில்லை. மறையுரை ஆற்றவுமில்லை. தூங்கவிட்டார். வானதூதர் தட்டியெழுப்பி, தணலில் சுட்ட அப்பத்தையும் ஒரு குவளைத் தண்ணீரையும் காட்டி, எழுந்து உண்ணச் சொன்னார். எலியா உண்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார்! அதற்கும் வானதூதர் கோபிக்கவில்லை. இரண்டாம் முறையும் எழுப்பி உணவு கொடுத்தார். அதன் பின்னரே நாற்பது நாள் நடை. அதன் பின்னரே மெல்லிய குரல். இறுதியில், பாகாலுக்கு மண்டியிடாத ஏழாயிரம் பேர் இஸ்ரயேலில் இருப்பதையும், எலிசா என்னும் துணைவர் ஒருவர் ஏர் உழுதுகொண்டிருப்பதையும் எலியா அறிந்துகொள்கிறார். அவரது கணக்குத் தவறு. ஆனால் பசித்த வயிற்றோடிருந்தவரிடம் அந்தக் கணக்கைத் திருத்த ஆண்டவர் முயலவில்லை.

பழைய ஞானோபதேசத்தில் தலையான பாவங்கள் ஏழு என்று மனனம் செய்தவர்களுக்குக் கடைசிப் பாவம் சோம்பல் என்பது நினைவிருக்கும். நான்காம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைநிலத்தில் வாழ்ந்த எவாக்ரியுஸ் போன்ற துறவியர் எழுதிவைத்தது நாம் நினைக்கும் சோம்பல் அல்ல. நடுப்பகலில் துறவியைப் பிடிக்கும் ஒரு கசப்பு அது. பொழுது நகரவில்லை என்று சூரியனை அடிக்கடி பார்க்கச் செய்யும். இருக்கும் இடத்தை வெறுக்கச் செய்யும். சகோதரரிடம் அன்பு அற்றுப்போயிற்று என்று நினைக்கச் செய்யும். வேறோர் இடத்துக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று காதில் ஓதும். இதை நாம் சோம்பல் என்று மொழிபெயர்த்ததனாலோ என்னவோ, மனந்தளர்ந்த பணியாளரைச் சோம்பேறியாகப் பார்க்கும் வழக்கமும் நம்மோடு சேர்ந்துகொண்டது. உண்மையில் இந்தக் கசப்பு உழைப்பாளியையே அதிகம் தேடி வருகிறது.

புனித பவுலடியாரும் இதற்கு விலக்கல்ல. ஏதென்சில் அவரது பேச்சைக் கேட்டுச் சிலர் நகைத்தனர். வேறு சிலர், பிறகு பார்ப்போம் என்றனர். அங்கிருந்து கொரிந்துக்கு வந்தபோது தாம் வலுவற்றவராய், அச்சத்தோடும் நடுக்கத்தோடும் இருந்ததாக அவரே பின்னர் எழுதினார் (1 கொரி 2:3). கொரிந்தில் அவரைத் தூக்கி நிறுத்தியது எது? அங்கே அக்கிலா, பிரிஸ்கில்லா என்னும் குடும்பத்தார் இருந்தனர். உரோமையிலிருந்து துரத்தப்பட்டவர்கள், அவர்களும் கூடாரம் செய்யும் தொழிலாளர்கள். அவர்கள் வீட்டில் தங்கி, அவர்களோடு சேர்ந்து பவுல் வேலை செய்தார். பின்னர் சீலாவும் திமொத்தேயுவும் வந்து சேர்ந்தனர். இவற்றுக்குப் பிறகே ஒருநாள் இரவில் ஆண்டவர் காட்சியில் தோன்றி, அஞ்சாமல் பேசும்படியும், அந்நகரில் தமக்குரிய மக்கள் பலர் உண்டு என்றும் கூறுகிறார் (திப 18). பவுல் அங்கே ஒன்றரை ஆண்டு தங்கினார். காட்சி வருவதற்கு முன்னர் ஒரு வீடு கிடைத்தது என்பதை நம் குடும்பங்கள் மனத்தில் இருத்தவேண்டும்.

நம் காலத்துக்குச் சற்றே அண்மையில் உள்ள ஒருவரையும் நினைவுகூர விரும்புகிறேன். 2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் மறைசாட்சியான தேவசகாயம் பிள்ளை புனிதராக உயர்த்தப்பட்டபோது, அதே பீடத்தில் அவரோடு புனிதரானவர் சார்ள்ஸ் டி ஃபுக்கோ அடிகளார். பிரான்ஸ் நாட்டவர். படை அதிகாரியாக இருந்து, விசுவாசத்தை இழந்து, 1886இல் மீண்டும் பெற்றவர். 1905இல் அல்ஜீரியாவின் தெற்கேயுள்ள தமன்ராசெட் என்னும் சிற்றூரில், துவாரெக் மக்களிடையே குடியேறினார். துறவற சபையொன்றைத் தொடங்க விரும்பி அதற்கு ஒழுங்குகளையும் எழுதிவைத்திருந்தார். ஆனால் சேர்வதற்கு ஆளில்லை. ஒரேயொரு தோழர் வந்து, சில மாதங்களில் திரும்பிப்போனார்.

1907ஆம் ஆண்டின் இறுதியில் அவரது நிலை என்ன என்று எண்ணிப் பாருங்கள். சுற்றுவட்டாரத்தில் வேறு கிறிஸ்தவர் எவரும் இல்லை. பதிலுரை சொல்ல ஒருவரும் இல்லாமல் குரு தனியே திருப்பலி நிறைவேற்ற அக்காலத்துச் சட்டம் இடங்கொடுக்கவில்லை. ஆகவே அந்த நத்தார் இரவு அவருக்குத் திருப்பலி இல்லாத இரவாயிற்று. கொடிய வறட்சி வேறு. கையிலிருந்த தானியத்தைப் பசித்தவர்களுக்குக் கொடுத்துவிட்டார். 1908 ஜனவரியில் உடல் முற்றாக முறிந்து, அசையவும் முடியாமல் கிடந்தார். கொடுப்பதற்கென்று வந்தவரிடம் கொடுப்பதற்கு ஒன்றுமில்லை. அப்போது அந்தத் துவாரெக் மக்கள், அதாவது ஒருவரும் மனந்திரும்பவில்லையே என்று எவர்களைக் குறித்து அவர் ஏங்கினாரோ அந்த முஸ்லிம் அயலவர்கள், வறட்சியில் மடி வற்றிய ஆடுகளுக்கிடையே பால் தரக்கூடிய ஆடுகளைத் தேடிப் பால் கறந்து வந்து அவருக்குப் புகட்டினார்கள். அவர் பிழைத்தார். அம்மாத இறுதியில் தனியே திருப்பலி நிறைவேற்றுவதற்கான அனுமதியும் வந்து சேர்ந்தது.

அந்தப் பாலுக்குப் பிறகு அவர் அம்மக்களோடு கொண்ட உறவே வேறாகிவிட்டது என்று அவரது வாழ்வை ஆராய்ந்தோர் கூறுவர். அதுவரை அவர் உபகாரி. அதன் பின்னர் அவர் நண்பர். அவர்களது மொழியைக் கற்று, சொற்களைத் திரட்டி, பேரகராதி ஒன்றை ஆக்கினார். 1916 டிசம்பர் 1ஆம் நாள் கொலையுண்டபோது அவர் பக்கத்தில் ஒரு சீடரும் இல்லை. 1933இல் ஐந்து குருக்கள் அவர் காட்டிய வழியில் சகாரா பாலைநிலத்தின் ஓரத்தில் ஒன்றுகூடினர். 1939இல் இயேசுவின் சிறிய சகோதரிகள் சபை தோன்றியது. இவற்றையெல்லாம் அவர் காணவில்லை. கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார், சந்தேகமில்லை. ஆனால் அவரைத் தாங்கியது ஆட்டுப்பால்தான். பின்னால் வரப்போகும் சபைகள் அல்ல.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2009இன் பின்னர் மக்கள் மீளக் குடியேறிய வன்னிக் கிராமங்களில் தகரக் கொட்டில்களிலே திருப்பலி தொடங்கிய இடங்கள் எத்தனை! மலையகத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் நடந்து சென்று செபக்குழு கூட்டும் துறவியர் இருக்கிறார்கள். கடற்கரைக் கிராமங்களில் ஓலைப்பாயை விரித்துச் சிறுவர்க்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கும் ஆசிரியைகள் இருக்கிறார்கள். இவர்களுக்கு அன்றைய யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கருக்கு நேர்ந்ததுபோல் சிறையோ கசையடியோ நேர்வதில்லை. இவர்களை அரிப்பது வேறு. செபமாலைக்கு மணி அடித்துவிட்டு வாசலில் நின்றால், மூன்று ஆச்சிமாரும் ஒரு சிறுவனும் வருவார்கள். நன்றாகப் பாடிய பிள்ளை வெளிநாடு போய்விடும். தயார்படுத்திய இளைஞன் வேலை தேடிக் கொழும்புக்குப் போய்விடுவான். நேற்றுவரை முன்வரிசையில் இருந்த குடும்பம் இன்று வேறு சபையில் இருக்கும். இதற்கிடையே யாராவது ஒருவர் வந்து, "முந்தின சுவாமி இருந்த காலத்திலை கோயில் கொள்ளாத சனம்" என்று சொல்லிவிட்டுப் போவார். அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை என்பது உண்மை. ஆயினும் அந்த ஒரு வசனம் எத்தனை இரவுகளின் தூக்கத்தைத் தின்றுவிடும் என்பதை அவர் அறியார்.

மறையாசிரியைக்கோ கேள்வி வீட்டுக்குள்ளிருந்தே வரும்: "இதாலை உனக்கு என்ன கிடைக்குது?"

எங்கள் ஆண்டறிக்கைப் படிவங்களில் திருமுழுக்கு இத்தனை, உறுதிபூசுதல் இத்தனை, திருமணம் இத்தனை என்று நிரப்பக் கட்டங்கள் உண்டு. கணவனை இழந்த ஒருத்தியின் முற்றத்தில் பேசாமல் அமர்ந்திருந்த மாலைப்பொழுதை எழுதக் கட்டம் இல்லை. படிவங்கள் வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. பதிவேடு இல்லாத திருச்சபை நினைவு இல்லாத திருச்சபை. ஆனால் கட்டத்துக்குள் அடங்குவதே கனி என்று பணியாளர் எண்ணத் தொடங்கினால், அவர் எலியாவின் சூரைச்செடியை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டார் என்று பொருள். விதைத்தவர் உறங்கி எழும்போதும் விதை தானாக முளைத்து வளர்வதை ஆண்டவர் இயேசு உவமையாகச் சொன்னார் (மாற் 4:26-29). உறங்குவதையும் சேர்த்தே சொன்னார்.

மனத்தளர்வு வந்தாலும் இருந்த இடத்திலேயே இருந்து பல்லைக் கடித்துக்கொள்ளவேண்டும் என்பது இதன் பொருளல்ல. சில வேளைகளில் தளர்வு உண்மையைச் சொல்கிறது. ஏற்காத ஊரின் தூசியை உதறிவிட்டு அடுத்த ஊருக்குப் போகச் சொன்னவரும் ஆண்டவரே. யோசப் வாஸ் அடிகளாரும் யாழ்ப்பாணத்தை விட்டு 1690இல் புத்தளம் போனார். தூக்கம் முற்றாகக் கெட்டு, உணவு செல்லாது, வாழ்வே வேண்டாமென்ற எண்ணம் மேலோங்கும் நிலை வருமாயின், அது மருத்துவரிடம் காட்டவேண்டிய நோய். அதைச் செபக்குறைவு என்று சொல்லி ஒருவரை மேலும் நெருக்குவது பாவம். குருவாயினும் துறவியாயினும் மருந்து எடுப்பதில் வெட்கம் ஏதுமில்லை.

ஆயினும் பெரும்பாலான தளர்வுகளுக்கு மருந்து அத்தனை தூரத்தில் இல்லை. புதிதாக வந்த இளங்குருவை உங்கள் வீட்டில் ஒருநாள் இரவுணவுக்கு அழைத்திருக்கிறீர்களா? பெருநாள் விருந்தைச் சொல்லவில்லை. பிட்டும் சம்பலுமாக, பிள்ளைகள் பாடப்புத்தகத்தோடு சண்டை பிடிக்கும் ஒரு சாதாரண இரவைச் சொல்கிறேன். ஐந்து பிள்ளைகளுக்கு மறைக்கல்வி கற்பிக்கும் ஆசிரியையிடம், உங்கள் மகன் கற்றுவந்த செபத்தை வீட்டில் சொன்னான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறீர்களா? அன்பியக் கூட்டத்துக்கு மழையென்று எவரும் வராத நாளில், குடையோடு போய் நின்ற ஒரே ஆள் நீங்களாக இருந்திருக்கிறீர்களா? இவற்றைச் சிறியவை என்று நினைத்து விட்டுவிடுகின்றோம். கஞ்சியும் சிறியதுதான்.

1689ஆம் ஆண்டு நத்தார் இரவை நம் முன்னோர் கடந்த விதத்தை நினைத்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் திருப்பலிக்காக மறைவாகக் கூடியவர்களை ஒல்லாந்தப் படையினர் வளைத்துக்கொண்டனர். ஏறத்தாழ முந்நூறு பேர் பிடிபட்டனர். பலருக்குத் தண்டம் விதிக்கப்பட்டது. சிலர் கொடூரமாக அடிக்கப்பட்டனர். அவ்வடிகளால் ஒருவர் உயிர்துறந்தார். அடிகளார் தப்பினார். 1696 வரை இந்நாடு முழுவதற்கும் அவர் ஒருவரே குருவாக இருந்தார் என்று எழுதுகின்றோம், அது சரியே. ஆனால் இரவில் அவரை வீட்டுக்கு வீடு கைமாற்றியவர்கள், சில்லாலையில் கதவு திறந்துவைத்தவர்கள், கண்டியில் காவலில் இருந்த காலத்தில் அவரைத் தேடிச் சென்ற ஏழைகள் ஆகியோரின் பெயர் அந்தக் கணக்கில் சேர்வதில்லை. அவர்களுள் எவரேனும் உங்கள் கொள்ளுப்பாட்டனாரின் முன்னோராக இருக்கலாம்.

பணியிலே இருப்போருக்கும் ஒரு சொல் சொல்லவேண்டும். கஞ்சி வரவேண்டுமானால், பசிக்கிறது என்று சொல்லத் தெரியவேண்டும். நமக்குப் பயிற்சியளித்த குருமடங்கள் கொடுப்பதற்குக் கற்றுத்தந்த அளவுக்குக் கேட்பதற்குக் கற்றுத்தரவில்லை என்பது என் எண்ணம். மக்கள் முன் தளர்வைக் காட்டினால் மதிப்புக் குறையும் என்று அஞ்சுகின்றோம். பக்கத்துப் பங்கில் உள்ள சகோதர குருவுக்கே ஒரு வார்த்தை சொல்லாமல், மாதாந்த ஒன்றுகூடலில் எல்லாம் நலம் என்று சிரித்துவிட்டு வருகின்றோம்.

பவுலடியார் அப்படிச் செய்யவில்லை. மாசிதோனியாவில் வெளியே போராட்டமும் உள்ளே அச்சமுமாய் வருந்தியபோது, தீத்து வந்து சேர்ந்ததால் தமக்கு ஆறுதல் கிடைத்தது என்று ஒளிவுமறைவின்றி எழுதினார் (2 கொரி 7). எத்தனையோ சபைகளை நிறுவியவர், உரோமைச் சிறையிலிருந்து திமொத்தேயுவுக்கு எழுதிய இறுதி மடலில், பலர் தம்மை விட்டுப் போனதையும் லூக்கா மட்டுமே உடனிருப்பதையும் சொல்கிறார். மாற்குவை அழைத்துவரச் சொல்கிறார். துரோவாவில் கார்ப்புவிடம் விட்டுவந்த போர்வையையும், தோற்சுருள்களையும் கொண்டுவரச் சொல்கிறார். குளிர்காலத்துக்கு முன் வந்துவிடுமாறு கெஞ்சுகிறார் (2 திமொ 4). திமொத்தேயு அந்தப் போர்வையோடு காலத்துக்குள் போய்ச் சேர்ந்தாரா என்பதைத் திருநூல் சொல்லவில்லை.